இடது கண்ணுக்கான சுருள்

இடது கண்ணுக்கான சுருளில் அரை நிமிஷப் படம் கூடுதலாக இருந்தது.

அமிர்தலிங்கம் மூன்று முறை அளந்துவிட்டான். மலேசியாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் எஸ்டேட் கிளப்பின் ஆண்டு விழாவுக்காக, முப்பது வருஷத்துக்கு முந்தைய முப்பரிமாணப் படமொன்றை அன்று மாலை மறுபடி ஓட்டுகிறார்கள். ஒரே படத்துக்கு இரண்டு சுருள்கள், கண்ணுக்கு ஒன்றாக. இரண்டு மெஷின்களும் ஒரே தண்டில் பிணைந்து சுற்ற வேண்டும். நீளம் கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு சுருளில் படம் அறுந்து குறைந்திருந்தால், அந்த அளவுக்குக் கறுப்பு பிலிம் ஒட்டிச் சரிக்கட்டுவது வழக்கம்.

ஆனால் வலது சுருளில் எங்கும் அறுந்திருக்கவில்லை. இடதில் எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. கூடுதல் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தான். காலி நாற்காலி வரிசைகள். வெட்டி எறிந்திருக்கலாம். மனம் வரவில்லை. வலது சுருளில் அதே நீளத்துக்குக் கறுப்பை ஒட்டினான்.

ஒத்திகைக்கு மனைவி வள்ளிநாயகியை அவன்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தான். கிளப் ஹாலின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியதும் மதிய வெயில் போன இடம் தெரியவில்லை. வெள்ளிப் பூச்சுத் திரையின் பெயிண்ட் நெடியும், ரப்பர் பால் கொட்டகையிலிருந்து வந்த புளித்த வாடையும் கலந்து அடைத்தன.

"இந்தக் கண்ணாடியப் போட்டா நான் நம்ம எஸ்டேட் கங்காணி, அந்த மண்டோர் மாதிரி இருக்கேன்லா!" நடு வரிசையிலிருந்து அவள் சிரித்தாள்.

"ஒழுங்கா உக்காரு மண்டோரே. ரெண்டு படமும் சேருதான்னு சொல்லு."

மெஷின் அறையின் சின்னத் துவாரம் வழியாக அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். பற்சக்கரங்கள் கடகடத்தன, இரண்டு விளக்குகளின் சூடு கழுத்தில் ஏறியது. ஒட்டிய இடம் வந்தது. வலது ஒளி அணைந்தது. இடதில் காலி நாற்காலிகள்.

"ஏங்க. இது நம்ம ஹாலுதானே?"

அவன் துவாரத்துக்கு இன்னும் குனிந்தான்.

"எனக்குப் பின்னால யாரோ உக்காந்திருக்காங்க. திரையில நானும் இருக்கேன், அவங்களும் இருக்காங்க. திரும்பிப் பாத்தா இல்ல." குரல் இறங்கியது. "இடது கண்ணுல மட்டுந்தான் தெரியுது. வாங்க போயிடலாம்."

அவனுக்குத் தெரிந்தது வெறும் நாற்காலிகள். மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டினான்.

உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்றது. முகம் இருக்க வேண்டிய இடம் திரையில் தெரிந்த வள்ளிநாயகியின் தலைக்கு மேல் குனிந்திருந்தது.

இடது மெஷினின் ஒளிக் கதவை அறைந்து மூடினான்.

இருட்டு. வலதில் இன்னும் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களின் சத்தம். அதற்கடியில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம். அவளைக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். எண்ணினான். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

வலது ஒளி திரும்பியது.

வள்ளிநாயகி திரைக்கு முன்னால் நின்றாள். அவனை நோக்கி. கண்ணாடியோடு. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் திரையில் இரண்டு நிழல்கள்.

இரண்டு விளக்கு எரிந்தால் ஓர் ஆளுக்கு இரண்டு நிழல் விழும். எரிந்தது ஒன்றுதான்.



அவள் கைகள் தொங்கியபடியே இருந்தன. ஒரு நிழல் அசையவில்லை. மற்றது கையை மெதுவாக உயர்த்தி, அசையாத நிழலின் முகத்தருகே கொண்டுபோனது.

வள்ளிநாயகியின் முகத்திலிருந்த கண்ணாடி, யாரும் தொடாமல், கழன்று வந்தது.