பதினொரு விநாடிச் சுரங்கம்

வண்டி இரண்டு விநாடி தாமதமாக வெளியே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பத்தொன்பது வருடமாக அந்த மாடி அறையில் ஒரு பொம்மை ரயில் பாதையைக் குழந்தை மாதிரி வளர்த்து வந்தவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தண்டவாளம், இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், விரல் நகம் உயரத்துக்குப் பயணிகள், மூலையில் ஒரு மலை. மலைக்குள் நுழைந்த வண்டி மறுபுறம் வர எப்போதும் பதினொரு விநாடி. இன்று பதின்மூன்று.

அவர் பல்செட் செய்பவர். மயிரிழை பிசகினாலும் அடுத்தவர் வாய் புண்ணாகிவிடும் தொழில். உறவில் எல்லோரும் கேலியாக 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்பார்கள், அவரும் மறுத்ததில்லை. சக்கரத்தைத் துடைத்தார். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டார். மீதிப் பாதை முழுக்க வண்டி சொன்ன நேரத்துக்கு ஓடியது. மலைக்குள் மட்டும்தான் இழுத்தது.

மலையை எழுப்பியபோது ஒரு தப்பு செய்திருந்தார். கம்பி வலை மேல் தொழிற்கூடத்தில் பல் அச்சு வார்க்கும் மாவைக் குழைத்துப் பூசி, மரம் நட்டு, வர்ணம் அடித்து முடித்த பிறகுதான், திறந்து பார்க்க ஒரு மூடி வைக்க மறந்தது உறைத்தது. உடைக்க மனம் வரவில்லை. சுரங்கத்தின் வாய் ஒரு டம்ளர் அகலம். அவர் கை நுழையாது. உள்ளே வண்டி கவிழ்ந்தால் மனைவியைத்தான் கூப்பிடுவார். ஒல்லியான அந்தக் கை ஒன்றுதான் மலைக்குள் போய்வரும்.

ஆக, உள்ளே எதையாவது வைக்க முடிந்த ஆளும் அவள் ஒருத்திதான்.

இந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் தானாகக் கூடி வந்தது. மைத்துனி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியும் கையுமாக வரப்போகிறாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். வீட்டில் இருப்பது இந்த அறை. பாதை கெட்டுப்போனால் கிழவன் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்!

அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினேழு விநாடி. அதற்கடுத்த நாள் இருபத்தாறு.

அறை வாசற்படியில் அதே மாவைத் தூவி வைத்தார். காலடி எதுவும் பதியவில்லை. அப்படியும் சந்தேகம் போகவில்லை. சந்தேகத்தில் ஒரு வசதி இருந்தது. குற்றவாளி மனைவியாக இருக்கும்வரை, அது வேறு எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. குனிந்து மலையோடு காதை ஒட்டிக் கேட்டார். உள்ளே போன வண்டியின் தடதடப்பு மெல்லத் தேய்ந்து, ஊர் எல்லையைத் தாண்டிப் போகும் வண்டியின் சத்தமாகி, பிறகு அதுவும் அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கோ தொலைவிலிருந்து திரும்பி வந்தது. வெளியே வந்த பெட்டிகள் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தன. அவற்றில் ஒரு வாடை. அவருக்குப் பழக்கமான வாடைதான்: நெடுநாள் திறக்காத வாயின் வாடை.

ஞாயிறு மதியம், நல்ல வெயில். வண்டி உள்ளே போனது. வரவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம். மனைவியை மாடிக்குக் கூப்பிட்டார்.

"மலைக்குள்ள என்ன வெச்ச?"

"நான் என்னத்த வெச்சேன்?"

"உன் தங்கச்சிக்கு ரூம் வேணும். நேரா கேக்க வாய் வரல, இந்த வேலை பாக்குற."

"நேராதானே கேட்டேன்! முடியாதுன்னீங்க, சரின்னு விட்டுட்டேன்." அவளுக்குக் கண் கலங்கியது. "இத்தனை வருஷமா உங்க வண்டி கவுந்தப்பல்லாம் யாருங்க எடுத்துக் குடுத்தது? என்னைப் போய் திருடி மாதிரி நிக்க வெச்சுக் கேக்குறீங்களே."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைச் சுரங்கத்துக்குள் விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அதற்கும் மேலே.

"கிடைச்சுதா?"

"எட்டல." நெற்றி சுருங்கியது. "என்னங்க, எப்பவும் வளைவுல அந்தப் பக்கச் சுவர் தட்டுமே. இப்ப தட்டவே மாட்டேங்குது."

"நடிக்காத."

அவள் கையை வெளியே இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மேஜை ஆடியது, ஸ்டேஷனில் நின்ற பயணிகள் சரிந்தார்கள்.

"இறுக்குதுங்க. வாய் சின்னதாயிட்டே வருது. ஐயோ, எடுத்து விடுங்களேன்!"

முப்பது வருடத்தில் அவளுடைய நிஜ அழுகையும் தெரியும், கோப அழுகையும் தெரியும். இது இரண்டும் இல்லை, உயிர்ப்பயம். இவளையா சந்தேகப்பட்டேன் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மலையாவது மண்ணாவது!

"பொறுத்துக்கம்மா. இதோ வந்துட்டேன்."

அச்சு அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். உச்சியைச் சுற்றி அறுத்தார். மரங்கள் விழுந்தன. மாவு பறந்தது. கம்பி வலை அறுந்தது. கை வலித்தது. அறுத்தார்.

சுற்று முடிந்தது. ரம்பத்தைப் போட்டார். இரண்டு கையாலும் உச்சியைப் பெயர்த்துத் தூக்கினார்.

ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்தது. இரண்டு தண்டவாளம். பழைய தூசி. இரண்டு பக்கமும் சுரங்கத்தின் வாய்.

வண்டி இல்லை.

கையும் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அவள் கை முழங்கைக்கு மேல்வரை உள்ளே போயிருந்தது. உள்ளே விரல்கூட இல்லை.

அவள் கன்னத்தை மலையோடு சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் மெல்ல நிம்மதி வந்தது.

"அப்பாடா. கையப் பிடிச்சிட்டீங்களா. விட்டுடாதீங்க, மெதுவா இழுங்க."

அவருடைய இரண்டு கைகளும் மலையின் உச்சியைத் தாங்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய தோள் சுரங்கத்தை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது.