அம்மா கையில் எந்த போன்?

பத்து நாளாக நிகத்தின் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மஸ்கட்டில் வேலை பார்த்த அவளுடைய அத்தா ஷாகுல், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் திறந்துவிட்டார். பேச்சுதான் வரவில்லை.

மறுநாள் காலை அம்மா ஷாயிஸ்தா அவரைப் பார்க்கப் போகிறாள், தன்னந்தனியாக. பம்மல் வீட்டுக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் பறக்கும். அம்மா ஒன்றில்கூட ஏறியதில்லை.

அம்மாவின் அண்ணன் கிபாயத்துல்லா மாமா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஷூ அடிப்பாகம் வாங்க அடிக்கடி சீனாவுக்குப் போய்வருபவர் அவர். விமானப் பயணம் என்றால் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

"சிம் கார்டு தேடி நீ அலைய வேணாம். இசிம் வாங்கிட்டேன். போன்ல எதையும் சொருக வேணாம். இந்தக் கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் பண்ணா போதும். எறங்குனதும் நெட் வரும். மச்சான் கம்பெனி டிரைவரைக் கூப்பிடு, வந்து இட்டுகினு போவாரு."

"நெட் வரலைன்னா, அண்ணா?"

"ஏன் வராது? சைனாலேர்ந்து நான் உனக்கு வாங்கியாந்த போனாச்சே."

அம்மா தலையாட்டினாள். முகத்தில் பயம் அப்பிக் கிடந்தது.

இசிம்மோடு வந்த குறிப்பை நிகத் எடுத்துப் படித்தாள். மாமா அதைப் படித்திருக்க மாட்டார். படிக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. 'முதலில் உங்கள் போன் இசிம்மை ஏற்குமா என்று பாருங்கள். *#06# அழுத்தினால் இஐடி என்ற நீளமான எண் வர வேண்டும்' என்று இருந்தது.

அம்மாவின் போனில் அழுத்தினாள். ஏதேதோ எண்கள் வந்தன. இஐடி வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம்.

"மாமா, இதுல இஐடி வரலை."

"இந்த மாடல் பேரு லிஸ்ட்ல கீது. நானே பாத்தேன். நீ வேற பேஜார் பண்ணாத."

நிகத்துக்கு அழுகை முட்டியது. தெரியாத ஊரில், நெட் வராத போனை வைத்துக்கொண்டு அம்மா திருதிருவென்று நிற்பாளே. இணையத்தில் தேடிப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. பேர் ஒன்றுதான். ஆனால் சீனாவில் விற்கும் அந்த போனில் இரண்டு சிம் கார்டு போடலாம், இசிம் வசதி கிடையாது.

அதைப் பட்டென்று சொன்னால் மாமா முறுக்கிக்கொள்வார். தங்கைக்கு ஆசையாக வாங்கி வந்தது என்று தெருவுக்கே சொன்னவர். நிகத் கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, உங்க போன் இங்க வாங்கினதுதானே? அதுல அழுத்திக் காட்டுங்களேன். இஐடி எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

மாமா அழுத்தினார். இஐடி என்று முப்பத்திரண்டு இலக்கம் வந்து நின்றது. "பாத்தியா?" என்றவர், அதே ஜோரில் அம்மாவின் போனிலும் அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அங்க விக்கிற போன்ல இது இருக்காதாம் மாமா. கடைக்காரர் சொல்லியிருக்கணும்" என்றாள் நிகத் மெதுவாக.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றினார். "ஷாயிஸ்தா, என்னோட போனை எடுத்துகினு போ."

"உங்க வியாபாரம் எல்லாம் இதுலதானே, அண்ணா?"

"அது கெடக்குது. உன்னுதை நான் வச்சுக்கறேன்."

அந்த இடத்திலேயே படத்தை ஸ்கேன் செய்தார்கள். இசிம் ஏறிக்கொண்டது. அன்று மாலை மாமா, அம்மாவின் ரோஜாப்பூ உறை போட்ட போனைக் காதில் வைத்து வியாபாரிகளை அதட்டிக்கொண்டிருந்தார். அம்மாகூட லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் அம்மா போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. விமானச் சத்தம் கேட்டாலே நிகத் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். மத்தியானம் மாமாவிடம் இருந்த போன் அடித்தது. நிகத் பாய்ந்து எடுத்தாள்.

"எறங்கிட்டேன்மா. டிரைவர் வந்துட்டாரு."

அம்மாவின் குரலைக் கேட்டபிறகுதான் நிகத்துக்கு மூச்சு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள் அம்மா. தலையில் கட்டோடு அத்தா தெரிந்தார். ரொம்ப இளைத்திருந்தார்.

"அத்தா, சாப்டீங்களா?"

அத்தாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "டாக்டர், நாளாகும்னு சொன்னாரும்மா" என்றாள் அம்மா. நிகத் போனைக் கீழே வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தா திரும்பவும் வாயைத் திறந்தார்.

"நீ?"

ஒரே எழுத்து. அம்மா அந்தப் பக்கம் விம்முவது கேட்டது.

"இன்னும் இல்லத்தா. இதோ சாப்பிடறேன்."

மாமா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். போனை எதிரே சாய்த்து வைத்து, அத்தா பார்க்கப் பார்க்க, நிகத் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.