கன்ட்ரோல் பிளேட்டில் ஐந்து விரல்

ஒன்றும் முளைக்கக் கூடாத பிளேட்டில் ஐந்து புள்ளிகள் முளைத்திருந்தன.

மூன்று நாள் தொடர் விடுமுறையின் முதல் காலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஒருத்திதான் டியூட்டி. இருபத்திரண்டு வருடமாக அங்கே டெக்னீஷியன். விடுமுறை என்றால் மற்றவர்களுக்குப் பிள்ளை குட்டி, ஊர்ப் பயணம் என்று ஏதாவது இருக்கும். அவளுக்கு ஒன்றுமில்லை என்பது ஊரறிந்த விஷயமாதலால் யாரும் அவளைக் கேட்காமலேயே பட்டியலில் அவள் பெயரைப் போட்டுவிடுவார்கள். ஸ்பிரிட் நெடியும், கிருமி வளர்க்க வேகவைத்த அகார் ஜெல்லியின் இறைச்சிச் சாறு வாடையும், குளிர்பெட்டியின் விடாத முனகலும் அவளுக்கு வீட்டைவிடப் பழக்கமானவை.

புதிதாக அகார் ஊற்றிய கண்ணாடிப் பிளேட்டுகளில் ஒன்றை எதுவும் தடவாமல், டேப் ஒட்டி மூடி, உடம்புச் சூட்டில் கிருமி வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைப்பது வழக்கம். அதுதான் கன்ட்ரோல். மறுநாளும் அது வெறுமையாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். இதில் டேப் பிரியவில்லை. உள்ளே, ஜெல்லியின் மேல், வெளிர்சாம்பல் நிறத்தில் நான்கு புள்ளிகள் வளைந்து நிற்க, சற்றுத் தள்ளி ஐந்தாவது.

கூடத்தின் பொறுப்பு டாக்டருக்குப் போன் செய்தாள்.

"உன் கை பட்டிருக்கும்மா," என்றார் அவர், பின்னால் யாரோ சிரிக்கும் சத்தத்தோடு. "அந்த பேட்ச்சையே தூக்கிப் போட்டுட்டு புதுசா ஊத்து."

"கிளவுஸ் போட்டிருந்தேன் டாக்டர்."

"அப்போ கிளவுஸ்ல ஓட்டை."

லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ரேகைகள் தெரிந்தன. கிளவுஸுக்கு ஏது ரேகை? ஆள்காட்டி விரல் ரேகையின் குறுக்கே கோடு கிழித்தாற்போல ஒரு வெற்றிடம். கிளவுஸைக் கழற்றி, என்றோ பழுக்கக் காய்ச்சிய கம்பி பட்டு அதே இடத்தில் ஓடிய தன் தழும்பைப் பார்த்தாள்.

சரி, நம்முடைய கைதான் என்று சமாதானம் செய்துகொண்டாள். பயம் என்று சொல்ல முடியாது, ஒரு குறுகுறுப்பு. அந்த வளர்ச்சியில் துளி எடுத்து வேறொரு பிளேட்டில் பரப்பி, ஆறு ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, கழுவாத வெறுங்கையை இன்னொரு பிளேட்டில் அழுத்தினாள். அந்த பேட்ச்சின் மீதிப் பிளேட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கிக் கதவைத் திருகினாள். நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் பதினைந்து நிமிடம். எந்தக் கிருமியும் தப்பாத சூடு. சூடு சரியாக ஏறியதைக் காட்டும் டேப்பில் கறுப்புக் கோடுகள் சரியாகவே விழுந்தன. புதிதாக அகார் ஊற்றி, இந்த முறை பன்னிரண்டு கன்ட்ரோல்களை மூடி வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை, இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது கை தயங்கியது.

ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றி, மருந்து வேலை செய்தால், கிருமி வளராத வட்டம் தெளிவாக விழ வேண்டும். இங்கே வட்டம் இல்லை. வில்லையை நோக்கி வளர்ச்சி தடித்து, குவிந்து, ஏறியிருந்தது, பசியோடு வந்ததைப் போல. ஆறிலும்.

அடுத்து அவள் கை பதித்த பிளேட்.

வெறுமை.

திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மனிதத் தோலில் கிருமி மிச்சமிருக்கும்; கழுவாத கையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். செத்தவர் தோலில்கூட உண்டு. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த கத்திரிக்கோல்தான் இப்படி ஒன்றுமில்லாமல் இருக்கும்.

பன்னிரண்டு கன்ட்ரோலில் மூன்றில் வளர்ச்சி. ஒன்றில் உள்ளங்கை. ஒன்றில் மணிக்கட்டின் மடிப்பு. மூன்றாவதில் என்னவென்று பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவினாள். நாக்கை. அக்குளை. காதின் பின்புறத்தை. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளேட்டில் தேய்த்துவிட்டு, அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"சொல்லுடி. என்ன திடீர்னு?"

"சும்மாதான்க்கா. குரல் கேக்கணும்போல இருந்துச்சு."

"வீடு பூரா ஆளுங்க, தலைக்கு மேல வேலை. அப்புறமா பேசட்டா?"

"சரிக்கா."

அக்கா போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தன் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கிளவுஸ் இல்லாமல் தன் கையை யாராவது பிடித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். கணக்குக்கு வரவில்லை.

மூன்றாம் நாள். வாசலில் காவலாளிக்கு வணக்கம் வைத்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

தொண்டை, வெறுமை. நாக்கு, வெறுமை. அக்குள், காது, வெறுமை.

கன்ட்ரோல்கள் பன்னிரண்டிலும் வளர்ச்சி.

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிமிர்த்தி வைத்தாள். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாக அடுக்கியது. உள்ளங்கை. மணிக்கட்டு. முழங்கை. கழுத்தின் இரட்டை மடிப்பு. மயிர்க்கால்களோடு ஒரு புருவம். மூடிய இமை.

தொட்டாள். வெதுவெதுப்பு. முப்பத்தேழு டிகிரி, உயிருள்ள உடம்பின் சூடு.

தன் கன்னத்தைத் தொட்டாள்.

மேஜையின் எஃகைப் போலச் சில்லென்றிருந்தது.

கடைசிப் பிளேட்டில் உதடுகள். லேசாகப் பிரிந்தவை. அதன் மூடியின் உட்புறத்தில் சிறு வட்டமாய்ப் பனி படர்ந்தது. கலைந்தது. மறுபடி படர்ந்தது.

அவளுடைய மூச்சின் தாளம்தான் அது.

மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

பனி படர்ந்தது. கலைந்தது. படர்ந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். அறுபது. நூறு. இருநூறு. நானூறு. பிளேட்டில் அந்த இமை மெல்லத் துடித்தது. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். மூச்சை விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.