பீலித் தண்ணீர்

நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க வந்த பிரவுனி, தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பாய்ந்தோடியது. மலைத்தண்ணீர் குழாய்வழியே கொட்டும் அந்தப் பீலியை நெருங்கியதும் சடாரென்று நின்றது. முதுகு மயிர் சிலிர்க்க, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கியது.

காலையிலிருந்து வெயிலில் நடந்த நாய். நிலக்ஷனா வியப்போடு அதைப் பார்த்தாள்.

"என்னடி இவ, தண்ணியக் கண்டு பயப்படுறா?" என்று கெவின் சிரித்தான். "நாய்க்கு ஊசி கீசி போட்டியா?"

"போட்டாச்சுண்ணே. வீட்ல வாளியோட குடிப்பா."

கெவின் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். திரும்பிப் போவதற்கு முன் தங்கையையும் பிரவுனியையும் கூட்டிக்கொண்டு மலையேறி, ஓர் இரவு தங்கிவிட்டு வரவேண்டும் என்பது அவன் ஆசை. அவன் இல்லாத இரண்டு வருடமும் அந்த நாயை வளர்த்தவள் நிலக்ஷனாதான். எல்ல ஊர்ப் பக்கம் போனால் ஒரே சுற்றுலாக் கூட்டம் என்று, ஆள் நடமாட்டமில்லாத இந்த மலையை அவனே தேர்ந்தெடுத்தான். பதுளையில் பஸ் ஏறி, மூடிக் கிடக்கும் கல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் வழியாக ஏறினார்கள். மாதக்கணக்கில் மழையில்லை. தேயிலை காடாகி, அந்தக் காடும் காய்ந்து, மானாப்புல் தீப்பிடித்து எரிந்துபோய், மலை முழுக்க மொட்டைக் கறுப்பாகக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் எழும்பியது. மொனராகலைப் பக்கமிருந்து வந்த காற்று அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

"பாலைவனத்துல கெடந்தவன் நான். இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், கொண்டுவந்த தண்ணீரில் முக்கால்வாசியையும் பாதி வழியிலேயே தீர்த்திருந்தான்.

அதனால் பீலியைக் கண்டதும் அவன் யோசிக்கவில்லை. துருப்பிடித்த இரும்புக் குழாயின் கீழே வாயை வைத்து மடக் மடக்கென்று குடித்தான்.

"இனிக்குதுடி! நீயும் குடி."

நிலக்ஷனா உள்ளங்கையில் ஏந்தினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மலைத்தண்ணீர் எந்தக் கோடையிலும் பல் கூசக் குளிரும். இது வெயிலின் சூடுமில்லை, உடம்புச் சூடு. கையைச் சாய்த்தபோது அது சிந்தவில்லை. விரலிடுக்கில் நூலாக இழுபட்டு, நீண்டு, அறுந்தது. ஓரமெல்லாம் பொடிப்பொடியான வெள்ளை நுரை. முகர்ந்து பார்த்தாள். பல் விளக்காத வாயின் வாடை. பூட்டிய அறையில் பல பேர் தூங்கியெழுந்த காலை நேரத்து வாடை. அடியில் பழைய வெற்றிலைச் சாற்றின் புளிப்பு.

கையைக் காற்சட்டையில் துடைத்தாள். பிசுபிசுப்புப் போகவில்லை. சாம்பலை அள்ளித் தேய்த்தபின்தான் போனது.

"வேணாம்ணே. நாறுது."

"கோடையில அப்படித்தான் இருக்கும். பழைய பைப்பு."

தன் போத்தலில் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றிப் பிரவுனிக்குக் காட்டினாள். அது ஆவலாக நக்கிக் குடித்தது. அவளும் ஒரு மிடறு குடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பழைய பிள்ளைக்காம்பராவின் விறாந்தையில் தங்கினார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் முன்பெல்லாம் குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். கூரைத் தகரம் பாதி மட்டும் மிச்சம். பொழுது சாய்வதற்குள் கெவின் பலமுறை எழுந்து பீலிக்குப் போய் வந்தான். பாணும் மீன் ரின்னும் அவன் முன்னால் அப்படியே கிடந்தன.

"சாப்பிடலையாண்ணே?"

"தாகமா இருக்குடி." சொல் குழைந்து வந்தது. வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிறவன்போல. உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தான். பிறகு துடைக்காமல் விட்டுவிட்டான்.

அவன் சட்டையின் முன்பக்கம் நெஞ்சுவரை ஈரமாகி, அதில் சாம்பல் ஒட்டிக் கறுத்திருந்தது. பிரவுனி அவன் பக்கமே போகவில்லை. நிலக்ஷனாவின் மடியில் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலயே எறங்கிருவம்ணே. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்ல."

அவன் சிரித்தான். சிரிப்போடு ஒரு நூல் இறங்கி முழங்காலைத் தொட்டது. போனில் சிக்னல் இல்லை. தனியாக இறங்கிப் போய் ஆள் கூட்டிவரலாம்தான், ஆனால் அவனை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

விடியும்போது அவன் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பு தொப்பலாக நனைந்து, நுரைத்து, அதே வாடையுடன் கிடந்தது.

"அண்ணே! கெவின் அண்ணே!"

பீலியிலும் அவன் இல்லை. பிரவுனி மோப்பம் பிடித்துக்கொண்டு, குழாய் போன வழியே மேலே ஏறியது. முனகிக்கொண்டே ஏறியது. நிலக்ஷனா பின்னால் போனாள். ஒரு பாறையில் சறுக்கிக் குழாயைப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்தாள். வெயில் இன்னும் படாத இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ விழுங்குவதுபோல மெல்லத் துடித்தது.

நிலம் முழுக்க வெடிப்பு. ஓடை காய்ந்து கல்லாகக் கிடந்தது. ஊற்று இல்லை. சேறுகூட இல்லை.

அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உச்சியில், குழாய் முடிந்த இடத்தில், பழைய தண்ணீர்த் தாங்கி, நிலத்தில் பாதி புதைந்து, இடுப்பளவு சுவரோடு நின்றது. அதைச் சுற்றி யாரோ முழங்காலில் நின்றார்கள்.

கோயிலில் நற்கருணை வாங்க முழங்காலிடுகிறவர்களைப்போல. வரிசையாக. தாடையைச் சுவரில் ஊன்றி. வாயைத் திறந்து.

கொழுந்து பறிப்பவர்களைப்போல இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய ஒரு கிழவி. சாரம் உடுத்த ஒரு மனிதன். கொம்பொடிந்த ஒரு மரைமான். ஒரு காட்டுப்பன்றி. இரண்டு நாய்கள். தோல் விலாவில் ஒட்டி, முதுகில் சாம்பல் படிந்து. கண்ணோரம் ஈ மொய்த்தது. கண்கள் இமைத்தன. எல்லாம் உயிரோடு இருந்தன.

வீங்கிய நாக்குகள். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஒரு நூல். உள்ளே, தாங்கி நிறைய, வெள்ளை நுரை.

எச்சில்.

நிலக்ஷனா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தாள்.

கிழவிக்கும் பன்றிக்கும் நடுவில் கெவின்.

"அண்ணே, எழும்புங்க. வாங்க போவம். அண்ணே!"

தோளைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. அவன் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவளை அவனுக்குத் தெரிந்தது. அந்தக் கண்களில் வலி இல்லை. தாடை மூட்டு கழன்று, வாய் கழுத்துவரை இறங்கியிருந்தது. பிரவுனி ஓடிவந்து அவன் காற்சட்டையைக் கவ்வி இழுத்தது. துணி கிழிந்தது. அவன் நகரவில்லை.

கிழவி நகர்ந்தாள்.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, சற்றுத் தள்ளி. அவளுக்கு அடுத்த மனிதனும் நகர்ந்தான். மரை நகர்ந்தது. நாய்கள் நகர்ந்தன. சுவரைச் சுற்றி ஒவ்வொன்றாக.

பிரவுனி இப்போது நிலக்ஷனாவின் காலைக் கவ்வியது. பலமாக. இரத்தம் வந்தது. அவள் பின்பக்கமாகச் சாம்பலில் விழுந்தாள். நாய் இழுத்தது. கையை ஊன்றிச் சறுக்கினாள். சறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

கெவின் வாயை மூடவில்லை. தலையைத் திருப்பவில்லை. சின்ன வயதில் பஸ்ஸில் ஏறியதும் தங்கைக்கு இடம் பிடித்து வைப்பவனைப்போல, பக்கத்தில் கிழவி ஒதுங்கிவிட்ட இடத்து வெறும் சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

மெல்ல. மறுபடி மறுபடி.