போர்த்தோ லவீனாவின் ஊர்ப்பிள்ளை

மாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: இந்தக் கோடைக்கு எந்த ஊர்?

ரெஜினாள் காலையிலிருந்தே சுவர்த்திரையில் இத்தாலியக் கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் இன்னாசி, மகன் சூசையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பார்த்தான். மூத்தவள் அமலிக்கு ஆறு வயது. திரையில் மூக்கு இடிக்கும்படி நின்றாள்.

"இது பெரிய ஊரு. கூட்டத்துல யாரு யாரைக் கவனிப்பா? சின்ன ஊராப் பாப்போம்," என்றாள் ரெஜினாள்.

"சின்ன ஊர்ல டாக்டர் இருப்பாராட்டி? பெரியவளுக்கு மழைக்காலம் வந்தா மூச்சு இழுக்கும்லா."

"மழைக்காலம்" என்று அவன் சொன்னதும் ரெஜினாள் அமலியைப் பார்த்தாள். கோடைக்குப் போகிறவர்களுக்கு மழைக்காலத்தைப் பற்றி என்ன கவலை என்று அமலி கேட்கவில்லை. அவளுக்குத் திரையில் ஒரு நாய் அகப்பட்டிருந்தது.

சித்திரை முதல் ஆடி வரை ஊரில் தரைக்கு மேல் யாரும் இருக்கக்கூடாது என்பது சட்டம். அந்த மாதங்களின் ஈரவெப்பத்தில் வியர்வை உலராது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவன்கூடச் சரிந்துவிடுவான். போன கோடையை அவர்கள் நிலத்தடிக் குளிர்கூடத்தில் கழித்தார்கள். ஒரு மதியம் அங்கே மின்சாரம் நின்றது. இன்னாசியின் தம்பி குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. பச்சைக்குழந்தையாக இருந்த சூசையை ஈரச்சேலையில் சுற்றி மார்போடு பிடித்திருந்த ரெஜினாள், இனி அந்தப் படியில் கால் வைப்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள்.

இத்தாலியிலும் வெயில்தான், ஆனால் மனிதன் பிழைக்கிற வெயில். அங்கே இளையவர்கள் எல்லாரும் வடக்கே போய்விட, சின்ன ஊர்களில் பூட்டிய வீடுகளும் முதியவர்களுமே மிச்சம். அந்த ஊர்கள் கோடைதோறும் கதவைத் திறந்துவிடும். பதிலுக்கு, பேசவும் நடக்கவும் தெரிந்த ஒரு பிள்ளையைக் குடும்பம் அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஊர்ப்பிள்ளை என்று பெயர்.

குடிபெயர்வு அலுவலர் வான்மதி திரையில் வந்தபோது, ரெஜினாள் அமலியை அடுத்த அறைக்கு அனுப்பினாள்.

"மொழிப்பதியம் கட்டாயமா மேடம்?"

"கட்டாயம்மா. மூளையில இருந்து தமிழை எடுத்துட்டுத்தான் அவங்க மொழியை வைக்க முடியும். மறுபடி கத்துக்கவும் வராது."

"எங்கள மறந்துருவாளா?"

"நீங்க யாருன்னு தெரியும்." வான்மதி ஒருகணம் கீழே பார்த்தார். "வார்த்தையோட ஒட்டியிருக்கிற ஞாபகங்கள்தான் கொஞ்சம் போகும்."

அழைப்பு முடிந்தது. இன்னாசி எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். "வேண்டாம்ட்டி. குளிர்கூடத்துக்கே போயிருவோம்."

"அங்க ரெண்டும் சாவும். இங்க ரெண்டும் உசுரோட இருக்கும்," என்றாள் ரெஜினாள். அப்படிச் சொன்ன தன் வாயை அவளுக்கே பிடிக்கவில்லை.

அமலி ஓடி வந்தாள். "அம்மா, அந்த நாய் இருந்த ஊருக்கே போவோம்மா!"

அந்த ஊரின் பெயர் போர்த்தோ லவீனா. மலையடியில் சில வீடுகள், மாதா கோயில், மருத்துவர் ஒருவர். ரெஜினாள் திரையைத் தொட்டு உறுதி செய்தாள். அமலி குதித்துக் குதித்துக் கை தட்டினாள்.

அந்தக் கோடை முழுக்க அமலி கடலில் கிடந்தாள். ஆடி முடிவில் மொழிப்பதிய நிலையத்து வாசலில், வாழ்நாளுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் ரெஜினாள் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தொலைந்துபோயின.

"நல்லாச் சாப்பிடு, என்ன?" என்றாள்.

"சரிம்மா. சாயங்காலம் கடலுக்குப் போலாமா?"

உள்ளே போன அமலியை அன்று மறுபடி பார்க்க அனுமதியில்லை. மாலைக் கப்பலில் மூவர் ஊர் திரும்பினார்கள்.

மறுவருடம் துறையில் இறங்கியபோது அமலி நின்றிருந்தாள். வளர்ந்திருந்தாள், தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவளை வளர்க்கும் முதியவள். ரெஜினாள் அள்ளி அணைத்தபோது பிள்ளை விலகவில்லை. ஆனால் கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள்.

பிறகு ஏதோ சொன்னாள். ரெஜினாளின் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பி, யாரோ ஒரு நடுவயதுப் பெண்ணின் குரலில் சொன்னது: "வாருங்கள். உங்கள் பயணம் சுகமாக இருந்ததா? தங்களுக்கான அறை தயாராக இருக்கிறது."

சூசை அமலியின் பாவாடையைப் பிடித்து, "அக்கா, அக்கா," என்றான். இதற்கு என்ன பொருள் என்பதுபோல் அமலி முதியவளைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்னாசி பெட்டிகளை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரெஜினாள் மொழிபெயர்ப்பியைக் கழற்றினாள். இப்போது மகளின் குரல் மட்டும் கேட்டது, அதே கீச்சுக்குரல். வழியையும் வீட்டையும் காட்டி என்னென்னவோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். ஒரு சொல்லும் புரியாமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ரெஜினாள் பின்னால் போனாள்.