மருந்து படாத ஐந்து கிடாக்கள்

அச்சன்புதூரில் சுந்தரபாண்டியன் வீட்டில் அன்று காலை அவன் குரல்தான் ஓங்கிக் கேட்டது. அவன் கால்நடை டாக்டர். ஆடுகளின் வயிற்றுப் புழுக்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்து ஆய்விதழுக்கு எழுதியனுப்பிய கட்டுரை, கேள்விகளோடு திரும்பி வந்திருந்தது.

"மூணு ஊரு மந்தையில புழு மருந்து இப்போ வேலை செய்யல. நம்ம மந்தையில மட்டும் செய்யுது. ஒரே மருந்து, ஒரே அளவு... எப்படின்னு கேக்காங்க. நான் என்னன்னு சொல்ல?"

கேள்வி மனைவி முத்துச்செல்விக்கு. அவன் வெளியூர்க் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை வந்து போகிறவன். நாற்பத்திரண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டது அவள்தான். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும், புழு முட்டைகளை எண்ணுவதற்காக ஆட்டுக்கு ஆடு புழுக்கை எடுத்துப் பொட்டலம் கட்டி, நம்பர் எழுதி அனுப்பியதும் அவள்தான். அதற்காகப் புளியங்குடியில் கிடைத்த டீச்சர் வேலையை வேண்டாமென்று விட்டாள். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அன்றைக்குக் கெஞ்சியவன் அவன்.

"செல்வி, எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்தியா, இல்லியா?"

அவள் மாமியார் குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாள் தரையைப் பார்த்தாள்.

சுடலைமாடனுக்கு நேர்ந்து விட்ட கிடாக்கள் ஐந்து அந்த மந்தையில் எப்போதும் உண்டு. ஒரு கொடைத் திருவிழாவில் அவை பலியானால் அடுத்த கொடைக்கு வேறு ஐந்து. சாமிக்கென்று விட்ட கிடாவின் வாயில் கடை மருந்து படக்கூடாது என்பது குருவம்மாளின் கண்டிப்பு. மகனுக்குத் தெரிந்தால் வீட்டில் சண்டை வருமென்று பயந்து, முதல் வருடமே மருமகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மகன் கொடுத்த படிவத்திலும் மருந்து கொடுத்த தேதிக்கு மட்டும்தான் இடம் இருந்தது; எந்தெந்த ஆட்டுக்கு என்று எழுத இடமில்லை.

"அப்போ புழுக்கையாவது ஒழுங்கா எடுத்தியா? பத்து ஆட்டோடத நாப்பது பொட்டலமாக் கட்டிட்டியா?"

"ஒவ்வொரு பொட்டலமும் அந்தந்த ஆட்டோடதுதான்."

"பெறகு கேட்டதுக்கு ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குத?"

அவள் எதிரிலேயே அவன், ஆய்வுக்கு வழிகாட்டிய தன் பழைய பேராசிரியர் பெஞ்சமினுக்குப் போன் போட்டான். "சார், கட்டுரையிலருந்து வீட்டு மந்தையை எடுத்துருவோம். என் வொய்ஃப் பொய்யா எழுதி வச்சிருக்கா."

முத்துச்செல்வி எழுந்து ஆட்டுக் கொட்டிலுக்குப் போனாள். குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்ததால் இங்கேயும் தூறிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் பட்ட பாட்டைவிட அந்த ஒரு சொல் அவளுக்கு வலித்தது. ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். அத்தையைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்குள் குருவம்மாளால் தாங்க முடியவில்லை.

"ஏலே பாண்டி, அவ பொய் சொல்லுத பிள்ள இல்லலே. சாமிக் கிடா அஞ்சுக்கும் மருந்து கொடுக்க விடாம நாந்தான் தடுத்தேன். உன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நாந்தான்... அவளப் போய் இப்படிப் பேசிட்டியே."

அவன் லேப்டாப்பைத் திறந்தான். மந்தைக்கு ஒரு சராசரி போட்டுப் பார்த்தே பழகியவன், முதல் தடவையாக ஆட்டுக்கு ஆடு பார்த்தான். மருந்து கொடுத்த பிறகும் ஐந்து நம்பர்களில் புழு முட்டை குறையவே இல்லை. கிடாக்கள் மாறினாலும் வருடா வருடம் ஐந்து நம்பர்கள் அப்படித்தான் இருந்தன. அவள் அனுப்பிய பொட்டலங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

மற்ற மந்தைகளில் எல்லா ஆட்டுக்கும் மருந்து போனது. அதற்குச் சாகாத புழுக்கள் மட்டும் தங்கிப் பெருகிவிட்டன. இங்கே அந்த ஐந்து கிடாக்களின் வயிற்றில் மருந்தையே அறியாத புழுக்கள் இருந்தன. அவையும் அதே புல்லில் பரவிக் கலந்ததால், மருந்துக்குச் சாகாதவை பெருக முடியாமல் மருந்து இன்னும் வேலை செய்தது. இதை அவன் வருடம் தவறாமல் வகுப்பில் பாடமாக நடத்துகிறான் என்பதுதான் வேடிக்கை.

கொட்டிலுக்கு ஓடி வந்து விவரம் முழுவதையும் அவளிடம் கொட்டினான். "செல்வி, கட்டுரையில உன் பேரையும் போடுதேன்."

"பேரு கெடக்கட்டும். சார்ட்ட முதல்ல சொல்லுங்க. நான் நிக்கும்போதே சொல்லுங்க."

போன் போட்டான். கிடா, புழு, புல் என்று அவனும் பெஞ்சமினும் பத்து நிமிடம் குதூகலமாகப் பேசினார்கள். அவள் தூறலில் நின்றாள். அவன் போனை வைத்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினான்.

"சொல்லிட்டேன்."

"புழுவப் பத்திச் சொன்னீய. என்னப் பத்திச் சொல்லலியே."

அவன் சிரிப்பு அடங்கியது. குனிந்த தலையோடு மறுபடியும் போன் போட்டான்.

"சார்... காலையில என் வொய்ஃப் பொய் எழுதிட்டான்னு சொன்னேன். அது தப்பு. அவ அனுப்பினது அம்புட்டும் உண்மை. ஆறு வருசமா நாந்தான் சரியாப் பாக்கல."

முத்துச்செல்வி அப்போதுதான் அழுதாள். பின்னாலேயே வந்து நின்ற குருவம்மாள் அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவன் போனைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் வரத் தைரியமில்லாமல் நனைந்துகொண்டு நின்றான்.