தப்புத் தப்பாக ஒரு டீச்சர்

நாளைக்கு அக்காவுக்குப் பள்ளி இறுதி உயிரியல் தேர்வு. மற்ற பாடங்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செல் சுவாசம் மட்டும்தான் ஆளைப் படுத்தி எடுத்தது.

கேள்வி கேட்கும் வேலை தங்கை வாலுவுக்கு. அது வீட்டில் வைத்த பெயர். ஏன் வைத்தார்கள் என்று கொஞ்ச நேரம் அவளோடு இருந்து பார்த்தால் தெரியும்.

"குளுக்கோஸ் முதல்ல செல்லுல எங்க உடையுது?" புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள் வாலு.

அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். கண்ணில் நீர் முட்டியது. "எல்லாம் மறந்து போச்சுடி. நாளைக்கு நான் போகவே மாட்டேன்."

வாலுவுக்குப் பாவமாக இருந்தது. அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி, கண்ணில் பட்டதைச் சொன்னாள். "மைட்டோகாண்ட்ரியாவுலக்கா!"

"லூசு! அதுக்கு வெளியவே, சைட்டோபிளாசத்துலேயே உடைஞ்சு ரெண்டு பைருவேட் ஆயிடும். அப்புறம்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போகும்!"

வாலு புத்தகத்தைப் பார்த்தாள். அத்தனையும் சரி! கேட்டால் வாய் திறக்காதவளுக்கு, தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்கவில்லை.

வாலு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாம இழுக்குற ஆக்ஸிஜன்தான் கார்பன் டை ஆக்ஸைடா வெளிய வருது. சரிதானே?"

"தப்பு! ஆக்ஸிஜன் கடைசியில எலக்ட்ரானை வாங்கிக்கிட்டுத் தண்ணியா மாறிடும். கார்பன் வர்றது சாப்பாட்டுல இருந்து!"

"தண்ணியாவா? எனக்குள்ளயா?"

இதை மட்டும் வாலு நிஜமாகவே கேட்டாள். அக்கா பென்சிலை எடுத்துப் படம் போட்டே காட்டினாள்.

அதற்கப்புறம் வாலு கூசாமல் தப்புத் தப்பாக அடுக்கினாள். அக்கா விடாமல் மல்லுக்கு நின்றாள்.

"அங்க என்ன சண்டை?" என்று சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போட்டார்.

"படிக்கிறோம்மா!" என்றார்கள் இருவரும்.

மறுநாள் அக்கா பையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள்.

"கேள்வியைப் பார்த்ததும் வழக்கம்போல மறந்து போச்சுடி. நீ பக்கத்துல உட்கார்ந்து தப்பாச் சொல்ற மாதிரி நினைச்சுக்கிட்டேன். அவ்வளவுதான், வந்துச்சே ஒரு கோபம்! முழுசும் எழுதிட்டேன்!"

வாலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் வேணும்னேதானே தப்பாச் சொன்னே?"

"முதல் தப்பு நிஜத் தப்புக்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வேதியியல் புத்தகத்தை எடுத்து வாலுவின் மடியில் வைத்தாள்.

"அடுத்த பரீட்சை இதுதான். ஆரம்பிங்க டீச்சர், தப்பாச் சொல்லுங்க!"